உப்பும் அதன் உடன்பிறப்பும்

கோடை பிறந்துவிட்டால் காவேரிப்பட்டினத்துச் சாலையோரங்களில் மாங்காய்க் கூடைகள் வந்து அமர்ந்துவிடுகின்றன. கிளிமூக்குப் போன்ற நுனியையுடைய பெங்களூரா மாங்காயை விற்பவர் கத்தியால் நீளவாக்கில் கீறி, பூவைப்போல் விரித்து, அதன்மீது உப்பையும் மிளகாய்த் தூளையும் தூவி நீட்டுகிறார். பள்ளிப் பிள்ளைகளும் பேருந்துப் பயணிகளும் அதனை நாவூறச் சுவைக்கின்றனர். நாமும் பன்முறை சுவைத்திருக்கிறோம்.

ஆயினும் அந்த ஒரு மாங்காய்க்குள் நம் உடல்நலத்தைப் பற்றிய பெரியதொரு வழக்கு அடங்கியிருப்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. காயின் சதைக்குள் இயற்கை வைத்த சத்து ஒன்று உண்டு, அது பொட்டாசியம். மேலே மனிதக் கை தூவிய பொருள் ஒன்று உண்டு. அது சோடியத்தைத் தன்னுள் கொண்ட சாதாரண உப்பு. இவ்விரண்டும் நம் உடலில் தராசின் இரு தட்டுகளைப் போன்றவை. இயற்கை உள்ளே வைத்ததை நாம் ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டும், கையால் தூவுவதைக் கூட்டிக்கொண்டும் வருகிறோம். இதனால் விளைவது யாது? இதற்கு மாற்று உண்டா? அம்மாற்றிலும் ஆபத்து உண்டா? இவற்றை வாசகர்களோடு அமர்ந்து ஆராய விரும்புகிறோம்.

இரட்டைப் பிறவிகள்

சோடியம், பொட்டாசியம் என்னும் இரண்டையும் தனிமங்களாகப் பிரித்தெடுத்து உலகுக்குக் காட்டியவர் ஒருவரே. ஹம்ஃப்ரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி 1807ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில், மின்சாரத்தின் துணைகொண்டு முதலில் பொட்டாசியத்தையும், சில நாள்களுக்குள்ளாகவே சோடியத்தையும் கண்டறிந்தார். ஆகவே இவற்றை உடன்பிறப்புகள் என்றழைப்பது பொருந்தும்.

பொட்டாசியம் என்ற பெயரே சாம்பலிலிருந்து பிறந்தது. விறகுச் சாம்பலை நீரில் கரைத்து, வடித்து, பானையில் சுண்டக் காய்ச்சினால் கிடைக்கும் காரத்திற்கு மேலைநாட்டார் 'பானைச் சாம்பல்' என்று பொருள்படும் பெயரை வழங்கினர். அப்பெயரே தனிமத்திற்கும் வந்து சேர்ந்தது. நம் உழவர்கள் தென்னைக்கும் வாழைக்கும் அடுப்புச் சாம்பலை அள்ளி இடுவதும் இதனால்தான். செடிகொடிகள் மண்ணிலிருந்து பொட்டாசியத்தை உறிஞ்சித் தம் இலையிலும் காயிலும் விதையிலும் சேமிக்கின்றன. ஆகவே நிலத்தில் விளையும் உணவு எதுவாயினும் அதில் பொட்டாசியம் உண்டு. சோடியமோ மிகச் சிறிதளவே. சோடியம் நமக்குப் பெரும்பாலும் கடலிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் வந்து சேர்கிறது.

உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

மனித உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் சுவரெழுப்பிய சிறு வீட்டைப் போன்றது. இவ்வீட்டிற்குள் குடியிருப்பது பொட்டாசியம். வெளியே முற்றத்தில் நிற்பது சோடியம். நம் இரத்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் சோடியம் இருக்கிறது, பொட்டாசியமோ 3.5 முதல் 5 வரைதான். உயிரணுவுக்குள் நோக்கினால் கணக்கு தலைகீழாக மாறிவிடும். அங்கே பொட்டாசியம் ஏறத்தாழ 140. சோடியமோ பத்தைச் சுற்றியே. உடலிலுள்ள பொட்டாசியம் முழுவதிலும் நூற்றுக்கு 98 பங்கு உயிரணுக்களுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. வெளியே இரத்தத்தில் உலவுவது எஞ்சிய சிறு துளியே.

இந்த ஏற்பாடு தானாக நிலைத்து நிற்பதன்று. உயிரணுவின் சுவரில் நுண்ணிய இறைப்பான் ஒன்று இடையறாது இயங்குகிறது. ஒவ்வொரு முறையும் அது மூன்று சோடிய அணுக்களை வெளியேற்றி, இரண்டு பொட்டாசிய அணுக்களை உள்ளே இழுக்கிறது. டென்மார்க் நாட்டு ஆய்வாளர் யென்ஸ் ஸ்கோ என்பவர் 1957இல் இதனைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து 1997இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நரம்பு செய்தி சுமப்பதும், தசை சுருங்கி விரிவதும், இதயம் தாளம் தவறாமல் துடிப்பதும் உள்ளும் புறமும் நிலவும் இந்த வேறுபாட்டினாலேயே. ஆகவே இரத்தத்தில் உலவும் அச்சிறு துளிப் பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் முதலில் தடுமாறுவது இதயமே. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது தேவைப்படும்.

சிறுநீரகம் என்னும் கணக்கப்பிள்ளை

நாம் உண்பதில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போக வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பவை சிறுநீரகங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை அவை வடிகட்டுகின்றன. அதில் மிகப் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தந்து, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. உணவில் வரும் பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இவ்வழியாகவே வெளியேறுகிறது.

வடிகட்டும் குழாயின் கடைப்பகுதியில்தான் சோடியமும் பொட்டாசியமும் பண்டமாற்றுச் செய்துகொள்கின்றன. அங்கே ஒரு சோடியத்தை உடல் மீட்டுக்கொள்ளும்போது, அதற்கு ஈடாகப் பொட்டாசியம் வெளியே தள்ளப்படுகிறது. இந்தப் பண்டமாற்றை நடத்துவது அட்ரீனல் சுரப்பியில் ஊறும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன். உப்பைக் குறைவாக உண்டால் இது மிகுதியாகச் சுரந்து சோடியத்தைச் சேமிக்கிறது; உப்பை மிகுதியாக உண்டால் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது.

இனி உப்பு மிகுந்த உணவை ஒருவர் உண்பதாகக் கொள்வோம். குழாயின் கடைப்பகுதிக்குச் சோடியம் வெள்ளமாக வந்து சேர்கிறது. அதனால் பொட்டாசியம் வெளியேறும் வாய்ப்புப் பெருகுகிறது. அதே வேளையில் ஆல்டோஸ்டிரோன் குறைவதால் அவ்வெளியேற்றத்திற்கு ஒரு தடையும் விழுகிறது. நலமாயிருப்பவரிடத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. எனவே உப்புக் கரிக்க உண்டதனால் உடலிலுள்ள பொட்டாசியமெல்லாம் கரைந்தோடிவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால் அந்தத் தடை தளர்ந்தவர்களின் நிலை வேறு. 1955ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் ஒரு நோயை விவரித்தார். அந்நோயில் அட்ரீனல் சுரப்பி கட்டுக்கு அடங்காமல் ஆல்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டேயிருக்கும். அத்தகையவர் உப்பை மிகுதியாக உண்டால் பொட்டாசியம் சிறுநீரில் கொட்டிப் போகும். உப்பைக் குறைத்தால் அவ்விழப்பும் குறையும். நோயில்லாதவரிடத்தில் மறைந்து கிடக்கும் உறவு இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. இரத்தக் கொதிப்புக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போரிடத்திலும் இதே உறவைக் காணலாம். அம்மாத்திரைகளில் பல பொட்டாசியத்தையும் வெளியேற்றுவன. மாத்திரையை உண்டுவிட்டோமே என்ற தைரியத்தில் ஊறுகாயையும் கருவாட்டையும் தாராளமாக உண்பவர், மாத்திரையின் பயனையும் இழந்து பொட்டாசியத்தையும் மேலும் இழக்கிறார்.

இன்னொரு திசையிலும் இவ்வுறவு செயல்படுகிறது. அதுவே நம்மில் பெரும்பாலோரைப் பற்றியது. உணவில் பொட்டாசியம் குறைந்துபோனால், சிறுநீரகம் இருப்பதைக் காத்துக்கொள்ள முற்படுகிறது. கடைப்பகுதியில் நடக்கும் பண்டமாற்றைக் குறைப்பதற்காக, சோடியத்தை அதற்கு முன்னரே மீட்டு உடலுக்குத் திருப்பிவிடுகிறது. விளைவு என்ன? பொட்டாசியம் ஓரளவு காக்கப்படுகிறது. அதற்கு விலையாக உப்பு உடலில் தங்குகிறது. தங்கிய உப்பு நீரைத் தங்க வைக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம் நிறைந்த உணவை உண்பவரிடத்திலோ இதற்கு மாறாக உப்பு எளிதாக வெளியேறுகிறது.

சிறுநீரகத்தின் பழக்கம் ஒன்றும் இவ்விடத்தில் கருதத்தக்கது. உப்பே கிடைக்காவிடில் அது சோடியத்தை ஏறக்குறைய முழுவதுமாகச் சேமித்துவிடும். பொட்டாசியம் கிடைக்காவிடிலோ முழுவதும் சேமிக்க அதனால் இயலாது. நாள்தோறும் சிறிது இழந்தே தீரும். காயும் கனியும் கிழங்கும் நிறைந்து, உப்பு அருகியிருந்த பண்டை உணவுக்கேற்ப அமைந்த கணக்கு அது. நாமோ அக்கணக்கைத் தலைகீழாக்கி, அதே பழைய கணக்கப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறோம்.

களி இருந்த இடம்

காவேரிப்பட்டினம் என்றவுடன் தொலைவிலுள்ளோர் சிலர் சோழநாட்டுக் கடற்கரைப் பட்டினத்தை எண்ணிக்கொள்வர். நாம் குறிப்பிடுவது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணை ஆற்றின் கரையில் அமைந்த ஊர். இவ்வட்டாரம் கேழ்வரகு விளையும் மண். களியும் கொள்ளுச்சாறும், அவரையும் கீரையும் இங்கே தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த உணவு. வறுமையின் உணவென்று பிறர் எள்ளிய அந்தக் களிக்குள் இருந்த செல்வம் எவ்வளவு என்பதை இப்போது காண்போம்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 440 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. தீட்டிய வெள்ளரிசி 100 கிராமில் ஏறத்தாழ 110 மில்லிகிராம் மட்டுமே. அரிசியை வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் அதிலும் ஒரு பகுதி நீரோடு போய்விடும். களியைக் கிண்டுகையில் வடிப்பதற்கு ஒன்றுமில்லை. உள்ளது உள்ளவாறே வயிற்றை அடைகிறது. கொள்ளிலோ 100 கிராமுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிகிராம் உண்டு.

களியும் கொள்ளும் இருந்த இடத்தில் இன்று இருப்பவை எவை? ஓசூர் சிப்காட்டுத் தொழிற்சாலைகளுக்குச் செல்வோர் விடியுமுன் பேருந்தில் ஏறுகின்றனர். காலையில் கடைப் பரோட்டா, இடையில் தேநீரோடு ரொட்டி, மாலையில் நிப்பட்டும் கார வகைகளும், இரவில் வெள்ளைச் சோற்றோடு ஊறுகாயும் அப்பளமும் என்று நாள் கழிகிறது. இவற்றில் பொட்டாசியம் குறைவு. உப்போ உள்ளே ஒளிந்திருக்கிறது. தட்டில் உப்பைத் தொட்டுக்கொள்ளாதவர்கூட, மாவிலும் மசாலாவிலும் ஆப்பசோடாவிலும் கலந்துவந்த சோடியத்தை அறியாமலே உண்டுவிடுகிறார்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த அளவு, நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது 2 கிராமுக்கும் குறைவான சோடியம். பொட்டாசியமோ 3,510 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. நம் நாட்டில் 2017–18ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய ஆய்வொன்று, பெரியவர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 8 கிராம் உப்பு உட்கொள்வதாகக் கண்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, சென்னை நகர மக்களிடையே மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில் 8.5 கிராம் எனத் தெரியவந்தது. உப்பு மிகுதியாக உண்டவரிடையே இரத்தக் கொதிப்பும் மிகுதியாயிருந்ததையும் அவர்கள் கண்டனர்.

உப்புக்காக நடந்தவர்

இவ்விடத்தில் வரலாற்றையும் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களை அழைத்துக்கொண்டு வேதாரணியம் கடற்கரைக்கு நடந்தார் இராஜாஜி. அம்மாத இறுதியில் தடையை மீறி அங்கே உப்பெடுத்துச் சிறை சென்றார். அவர் பிறந்தது இதே எல்லைப் பகுதியில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில். கடலைக் காணாத சிற்றூரில் பிறந்தவர், கடல் உப்புக்காக நடந்தார்.

வெயிலில் உழைப்பவனுக்கு உப்பு இன்றியமையாதது. அதன்மீது வரி விதிப்பது ஏழையின் கஞ்சியில் கை வைப்பதாகும் என்பதே அப்போராட்டத்தின் நெஞ்சம். அது அன்றும் உண்மை; இன்றும் உண்மை. உப்பைப் பகைப்பது நம் நோக்கமன்று. அன்று கிடைக்காமற்போகும் என்று அஞ்சிய பொருள், இன்று கேளாமலே நம் உணவில் வந்து நிறைகிறது. அதுவே நாம் ஆராயும் வேறுபாடு.

மாற்று உப்பு

சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைக் கூட்ட வேண்டுமாயின், உப்பையே மாற்றினால் என்ன என்று விஞ்ஞானிகள் எண்ணினர். சாதாரண உப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைக் கலந்தனர். சுவை ஏறக்குறைய உப்பினுடையதே. சிலர் நாவுக்கு இலேசான கசப்புத் தட்டும்.

சீன நாட்டில் 600 சிற்றூர்களில் 20,995 பேரைக் கொண்டு நடைபெற்ற ஆய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. பாரிசவாயு கண்டவர்களும், அறுபது வயது கடந்து இரத்தக் கொதிப்புடையவர்களும் அதில் பங்கு கொண்டனர். பாதி ஊர்களில் 75 பங்கு சாதாரண உப்பும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு வழங்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்தாண்டுகளில், அதனை உண்டவரிடையே பாரிசவாயு நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. இறப்பும் 12 பங்கு குறைந்தது. தெலங்கானா மாநிலத்தின் சித்திபேட்டைப் பகுதியில் 502 பேரிடம் நடைபெற்ற ஆய்விலும், மூன்று மாதங்களில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 4.6 அளவு இறங்கியது.

இது நற்செய்தியே. ஆயினும் இச்செய்தியைப் பாதி மட்டும் கேட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஓர் அடுப்பு, இரு நோயாளிகள்

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். கணவர் ஓசூர்த் தொழிற்சாலையில் இரவு முறை வேலை பார்ப்பவர். நாற்பத்தைந்து வயதிலேயே இரத்தக் கொதிப்பு. அவருடைய தாயாருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதனால் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது. மருமகள் அன்புள்ளவர், ஒரே அடுப்பில், ஒரே குழம்பு. சோடியம் குறைந்த உப்பு நல்லதென்று எவரோ சொல்லக் கேட்டு, சற்று விலை கூடினாலும் பரவாயில்லையென்று வாங்கி வருகிறார். "அத்தை, இனிமேல் இந்த வீட்டில் எல்லாருக்கும் நல்ல உப்புத்தான்" என்று மகிழ்ச்சியோடு சொல்லிக் குழம்பில் இடுகிறார்.

அந்த உப்பு மகனுக்கு மருந்து. தாய்க்கோ நஞ்சாகக் கூடும். தளர்ந்த சிறுநீரகத்தால் மிகுந்துவரும் பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாது. அது இரத்தத்தில் ஏறுகிறது. தொடக்கத்தில் தசைச் சோர்வு தவிர வேறு அறிகுறி எதுவும் தெரியாமலிருக்கலாம். அச்சோர்வைக்கூட வயதின் தளர்ச்சி என்று எண்ணி விட்டுவிடுவோம். அளவு மேலும் ஏறினால் இதயத்தின் தாளம் தடுமாறி நின்றுவிடவும் கூடும். முன்னர் நினைவில் வைக்க வேண்டினோமே, இரத்தத்தில் உலவும் அந்தச் சிறு துளிப் பொட்டாசியம். அதன் வேலை இது. சீனத்து ஆய்விலேயே கடுமையான சிறுநீரக நோயுள்ளவர்களைச் சேர்க்காது விலக்கியிருந்தனர் என்பதை மறத்தலாகாது.

சிறுநீரகம் பழுதுபட்டவர் மட்டுமல்லர். சில மாத்திரைகளை உண்போரும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும், ஸ்பைரனோலாக்டோன் என்னும் மாத்திரையும் பொட்டாசியத்தை உடலில் தங்கச் செய்பவை. இவற்றை உண்போர் மருத்துவரைக் கேட்காமல் மாற்று உப்பைத் தொடக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட நெறிமுறையும், வீட்டுச் சமையலில் பொட்டாசியம் கலந்த உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கையில், குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் சிறுநீரகக் குறையுடையோரையும் அப்பரிந்துரையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

அப்படியானால் அந்த மருமகள் என்னதான் செய்வார்? வழி மிக எளிது. இருவருக்கும் பொதுவான மருந்து, சாதாரண உப்பையே குறைப்பது. குழம்பில் உப்பைப் பாதியாக்கினால் மகனுக்கும் நலம், தாய்க்கும் நலம். பொட்டாசியத்தை மட்டும் தட்டில் பிரித்து வைக்கலாம்: மகனுக்குக் கீரையும் வாழைப்பழமும் கொள்ளும், தாய்க்கு மருத்துவர் அனுமதித்த காய்கள் மட்டும். தாய்க்கு உரிய காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். அவ்வாறு செய்தால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீரோடு நீங்கும். மகனுக்குச் சமைக்கும் காயிலோ வேகவைத்த நீரைக் கொட்டாமல் சாற்றில் சேர்த்துவிட வேண்டும். ஒருவருக்குக் கொட்ட வேண்டியது மற்றவருக்குக் காக்க வேண்டியதாகிறது. காரணம் அறிந்தவருக்கு இதில் குழப்பமில்லை.

வியர்வை சிந்துவோர்

மாம்பழக் கூழ் ஆலைகளிலும், கருங்கல் குவாரிகளிலும், வெயில் கொளுத்தும் வயல்களிலும் உழைப்போர் கேட்கக்கூடும்: "எங்களுக்கும் உப்புக் குறைவா?" என்று. வியர்வையில் சோடியம் கணிசமாகவும் பொட்டாசியம் சிறிதளவும் வெளியேறுவது உண்மையே. ஆகவே கடும் வெயிலில் நாள் முழுவதும் உழைப்பவர் உப்பிட்ட நீர்மோரையோ கேழ்வரகுக் கூழையோ பருகுவதில் தவறில்லை. நம் முன்னோர் கண்ட முறையும் அதுவே. ஆனால் மின்விசிறியின்கீழ் அமர்ந்து பணிபுரிவோர் அதே அளவை உண்பதற்கு வியர்வையைச் சாக்காகக் காட்ட இயலாது.

வயிற்றுப்போக்கு உண்டாகும்போது இவ்விரு உடன்பிறப்புகளும் ஒருசேர வெளியேறிவிடுகின்றன. 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்து எல்லையில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே பருகச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இன்று சுகாதார நிலையங்களில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தில், ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சாதாரண உப்போடு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் ஈடுசெய்தால் போதாது என்பதை அச்சிறு பொட்டலமே நமக்கு எடுத்துரைக்கிறது.

இல்லத்தார் கவனத்திற்கு

முதலாவதாக, உங்கள் வீட்டு உப்பைக் கணக்கிடுங்கள். ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பெரியவர் நால்வர் உள்ள இல்லத்திற்கு, தலைக்கு 5 கிராம் வீதம், மாதமொன்றுக்கு 600 கிராம்தான் எல்லை. வெளியில் உண்ணும் பண்டங்களின் உப்பும் இதனுள் அடங்கவேண்டும். ஆகவே ஒரு கிலோ பொட்டலம் ஒரு மாதத்திலேயே தீர்ந்துபோனால், வேறு சோதனை ஏதும் தேவையில்லை.

இரண்டாவதாக, உப்பின் வடிவத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். கல்லுப்பும் தூளுப்பும் இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. அயோடின் கலந்த உப்பில் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கப்படுவது உண்மையாயினும், அதன் அளவு மிக நுண்ணியது. பொட்டாசியக் குறையை அது தீர்க்காது. ஆயினும் கழுத்துக் கழலையைத் தடுக்கவும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கும் அயோடின் இன்றியமையாதது. ஆகவே குறைவாக உண்போம். உண்பதை அயோடின் கலந்ததாகவே உண்போம்.

மூன்றாவதாக, உப்பைப் படிப்படியாகக் குறையுங்கள். ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் கலகம் மூளும். சில வாரங்களில் நாக்குப் பழகிக்கொள்ளும். புளியும் எலுமிச்சையும், மிளகும் சீரகமும், மல்லித்தழையும் உப்பின் குறையை மறைக்கவல்லவை. சோற்றிலும் தயிரிலும் சப்பாத்தி மாவிலும் உப்பிடும் வழக்கத்தை முதலில் விடலாம். உண்ணும் இடத்திலிருந்து உப்புக் கிண்ணத்தை அகற்றலாம்.

நான்காவதாக, வாரத்தில் சில வேளையாவது களியும் கொள்ளும் கீரையும் அடுப்பேறட்டும். இளநீரும் வாழைப்பழமும் கிட்டும்போது கடைச் சோடாவை நாடவேண்டாம்.

ஐந்தாவதாக, நாற்பது வயது கடந்தோர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சிறுநீரையும் சோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் நிலை தெரியாமல் எந்த மாற்று உப்பையும் வாங்காதீர்கள். உறையின் பின்புறத்தைப் படியுங்கள். பொட்டாசியம் குளோரைடு என்ற சொல் இருந்தால், வீட்டில் எவருக்கு அது ஆகாது என்று ஒரு கணம் எண்ணுங்கள்.

வீடு தேடிச் சென்று இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. மாத்திரையை வாசல்வரை கொண்டுவந்து தர ஊழியர்களால் இயலும். உள்ளே அடுப்படியில் உப்பு ஜாடிக்குள் இறங்கும் கையைத் தடுக்க அவர்களால் இயலாது. அது அவரவர் இல்லத்தாரின் பொறுப்பு.

அடுத்த கோடையிலும் காவேரிப்பட்டினத்துச் சாலையோரத்தில் மாங்காய்க் கூடைகள் வந்து அமரும். நாமும் நின்று வாங்குவோம். விற்பவர் உப்பை அள்ளும்போது, "கொஞ்சமாகப் போடுங்கள், ஐயா" என்று ஒரு சொல் சொல்வோமாக. வீட்டிற்குத் திரும்பியதும், ஒரே குழம்பை உண்ணும் நால்வரில் எவருக்கு எது ஆகும், எது ஆகாது என்பதையும் அமர்ந்து எண்ணிப் பார்ப்போமாக.